நூலகத்தில் எழுத்தாளரைத் தனியாகச் சந்திக்கும் ஏற்பாடு: போகலாமா, என்ன கொண்டு போவது?

வெட்டாறு (சனி மாலை)

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். வாசகர் வட்டத்தின் ஏற்பாடாம். நாவல், சிறுகதை என்று பல வருடமாக எழுதிவரும் ஒருவர் சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் இருப்பார். எழுதுகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகப் போய்ப் பேசலாம். ஒருவருக்கு முக்கால் மணி நேரம். எழுதியதில் பத்துப் பக்கத்துக்கு மிகாமல் ஒரு வாரம் முன்பே நூலகரிடம் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் இல்லை.

நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதியவை சில நோட்டுகளில் கிடக்கின்றன. அதில் ஒரு கதை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் கிடக்கும் ஒரு அப்பாவையும் மகளையும் பற்றியது. என் தோழி ஒருத்தி மட்டும் படித்திருக்கிறாள். 'சூப்பர்டி' என்றாள், அதோடு சரி.

போனால் பயன் இருக்குமா? கையால் எழுதியதைக் கொடுக்கலாமா? முடியாத கதை என்றால் வாங்குவார்களா? முக்கியமாக, முக்கால் மணி நேரம் அவரிடம் என்னதான் கேட்பது?


பழைய நல்நூலகர்

தாராளமாகப் போங்கம்மா. நூலகத்துறையில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இது மாதிரி ஏற்பாடு என் காலத்தில் இல்லையே என்ற ஆதங்கம் உண்டு.

கையெழுத்தில் கொடுக்கலாமா என்பதை அங்கே இருக்கும் நூலகரிடமே கேட்டுவிடுங்கள். கொடுப்பதென்றால் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், ஒரு வரி விட்டு ஒரு வரி. ஓரத்தில் நன்றாக இடம் விடுங்கள். படிக்கிறவர் பென்சிலால் குறிக்க வேண்டாமா? பக்க எண் கட்டாயம். பேசும்போது 'அந்த மழை வருகிற இடம்' என்று இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். கொடுத்ததில் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

இதெல்லாம் நூலகத்தின் வேலையா என்று யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-இல் நம் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931-இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு நூலகர் ஓரமாக உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்காது. வந்தவரோடு உட்கார்ந்து, அவருக்கு என்ன தேவை என்று விசாரித்து உதவுவதுதான் நூலக சேவையின் உயிர் என்று கடைசி வரை சொன்னவர். அதே 1931-இல்தான் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அன்றைக்குப் புத்தகம் வாசல் தேடிப் போனது. இன்றைக்கு எழுதியவரே வந்து உட்காருகிறார் என்றால் அது நூலகத்தின் வேலைதான்.


கொறடாச்சேரி பாசஞ்சர்

ஐயா மன்னிக்கணும், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எழுத்து சொல்லிக்கொடுத்து வருகிற காரியமா? இந்தப் பக்கத்தில் எழுதிப் பேர் வாங்கினவர்கள் ஒன்றிரண்டு பேரா? அவர்கள் எல்லாம் எந்த நூலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார்கள்? காவிரித் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒருவர் இன்னொருவருக்கு என்ன கொடுத்துவிட முடியும்? 'நிறைய படியுங்கள், நிறைய எழுதுங்கள்' என்பார். அதைச் சொல்ல ஒரு ஆள் சனிக்கிழமை பஸ் ஏறி வர வேண்டுமா?


நாச்சியார்கோயில் விளக்கு

நானும் பாசஞ்சர் கட்சிதான், காரணம் வேறு. சில வருடம் முன்பு ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தேன். எங்கே, யார் என்பது வேண்டாம். பிரபலமான எழுத்தாளர் ஒருவர் என் கதையின் முதல் பத்தியை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிண்டல் செய்தார். அரங்கமே சிரித்தது. அவர் சொன்னதில் சில விஷயம் சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றுமே காதில் ஏறவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் பேனாவைத் தொடவில்லை. போகிறவர்கள் யோசித்துப் போங்கள்.


தாளடி

விளக்கு சார், நீங்கள் சொல்வது நாற்பது பேர் முன்னால் நடந்தது. வெட்டாறு கேட்பது இருவர் மட்டும் உட்கார்ந்து பேசுவது. அரங்கத்தில் பேசுகிற எழுத்தாளருக்கு அரங்கத்தைச் சிரிக்க வைக்கிற ஆசை வந்துவிடும். எதிரே ஒரே ஆள்தான், நடுவில் அந்த ஆளுடைய பத்துப் பக்கம் என்றால் பேச்சின் குரலே மாறிவிடும்.

பாசஞ்சர் அண்ணனுக்கு வருகிறேன். நான் பாபநாசம் பக்கம் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பக்கத்தில்தான் உத்தமதானபுரம். உ.வே.சாமிநாதையர் அந்த ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1871-இல் மாயவரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876-இல் பிள்ளை இறக்கும் வரை கூடவே இருந்து பாடம் கேட்டார், அவர் சொல்லச் சொல்லச் செய்யுள்களை ஏட்டில் எழுதினார். ஒருவரிடம் உட்கார்ந்து கற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த சம்பவம் அதற்கு அப்புறம் நடந்தது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஐயர் ஆசிரியராக இருந்தபோது, முன்சீபாக அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலியார் மசியவில்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா என்பதுதான் அவர் கேள்வி. சீவக சிந்தாமணி அப்படித்தான் ஐயர் கைக்கு வந்தது. 1887-இல் அது அச்சாயிற்று. முதலியார் ஐயருக்குக் குருவும் இல்லை, புலவரும் இல்லை. நன்றாகப் படித்த ஒரு மனிதர், நேருக்கு நேர் உட்கார்ந்து சரியான ஒரு கேள்வியைக் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் என்ன கொடுக்க முடியும் என்று கேட்டீர்களே அண்ணே, இதைக் கொடுக்க முடியும்.


கொறடாச்சேரி பாசஞ்சர்

டீச்சர் வகுப்பெடுத்துவிட்டார்கள், நான் பெஞ்சு மேல் ஏறிக்கொள்கிறேன் 😄 ஆனால் ஒன்று. ஐந்து வருடம் பிள்ளையிடம் கேட்ட பாடம் உள்ளே இருந்ததால்தான் முதலியார் கேட்ட கேள்வி வேலை செய்தது. வெறும் ஆளிடம் கேட்டிருந்தால் 'படிக்கலைங்க' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.


தாளடி

அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறார்கள். 'எழுதலாம் என்று நினைக்கிறேன் சார், எப்படி ஆரம்பிப்பது' என்று கேட்டுப் போகிறவருக்கு இந்த முக்கால் மணி நேரம் வீண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஆண்கள் இதை யோசித்திருப்பீர்களா தெரியாது. இளம் எழுத்தாளர்களுக்கு மூத்தவர்கள் வழிகாட்டுவது தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் எப்போதும் நடந்ததுதான். எங்கே? அவர்கள் வீட்டுத் திண்ணையில், டீக்கடையில், காவிரிப் படித்துறையில், லாட்ஜ் மாடியில். ராத்திரி பதினோரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம் என்று ஆண்கள் எழுதுகிற நினைவுக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், அந்தப் பதினோரு மணிக்கு நான் எங்கே இருந்திருப்பேன்? யாரோ ஒரு எழுத்தாளர் வீட்டுக்குக் கதையைக் காட்டப் போகிறேன் என்று கல்லூரி படிக்கும்போது வீட்டில் கேட்டிருந்தால் கதையோடு சேர்த்து என் படிப்பும் நின்றிருக்கும். 'நூலகத்துக்குப் போய்விட்டு வருகிறேன்' என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பகல் நேரம், நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் இடம், டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது.

பெண்களுக்கு மட்டும் இல்லை. எழுத்தாளர் வீட்டுக்குப் போனால், நீ யார், எந்தத் தெரு, யார் அனுப்பினார்கள் என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும். அப்புறம் அவர் குழு, அவர் பத்திரிகை, அவருக்கு ஆகாதவர் நமக்கும் ஆகாது. நூலகத்தில் பெயரையும் நேரத்தையும் பேரேட்டில் எழுதினால் போதும். பேசி முடித்ததும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். அவருக்கு நாம் எதுவும் கடன்பட்டிருக்க வேண்டியதில்லை.


ஸ்கார்பரோ கும்பகோணத்தான்

டீச்சர் கடைசியில் சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம், இப்போது டொராண்டோ பக்கம். இங்கே பொது நூலகங்களில் இது பழக்கமான விஷயம். ரைட்டர் இன் ரெசிடென்ஸ் என்பார்கள். டொராண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன, அவர்களும் நடத்துகிறார்கள். எட்மன்டன் மாதிரி வேறு நகரங்களிலும் உண்டு. ஒரு எழுத்தாளரைச் சில மாதங்களுக்குச் சம்பளம் கொடுத்து நியமிப்பார்கள். பொதுவாக அவருடைய நேரத்தில் பெரும்பகுதி சொந்த எழுத்துக்கு. மீதி நேரத்தில் ஊர் மக்கள் கொண்டு வருகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, தனித்தனியாகச் சந்தித்துப் பேசுவார். பக்கக் கணக்கு உண்டு. முன்னாலேயே அனுப்ப வேண்டும், அங்கே போய் நீட்டினால் படிக்க மாட்டார்.

அவர் எதைச் செய்ய மாட்டார் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். எழுத்துப் பிழை திருத்துவது அவர் வேலை இல்லை. முழு நாவலையும் படிக்கச் சொல்லக்கூடாது. பதிப்பாளரிடம் சிபாரிசு பண்ணச் சொல்லக்கூடாது. வெட்டாறு, இந்த மூன்றாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எல்லோரும் கடைசி ஐந்து நிமிடத்தில் 'சார், இதைப் புத்தகமா போட யாரையாவது...' என்று ஆரம்பித்துவிடுவோம். அந்த நொடியிலிருந்து அவர் உங்கள் கதையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, எப்படி நழுவலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.


கடைமடை

வேதாரண்யம் பக்கத்திலிருந்து. இது நல்ல விஷயம்தான், ஆனால் அந்த எழுத்தாளருக்கு யார் காசு கொடுப்பது? எங்கள் பகுதிநேர நூலகத்தில் மின்விசிறி போடவே கஜா புயலுக்கு அப்புறம் நன்கொடை வசூலிக்க வேண்டியிருந்தது.


கொறடாச்சேரி பாசஞ்சர்

காசு எதற்கு? இலக்கியம் சேவை. சும்மா வந்து பேசிவிட்டுப் போகட்டும்.


ஸ்கார்பரோ கும்பகோணத்தான்

நடவுக்கு வந்தவரிடம் 'விவசாயம் சேவை, சும்மா நட்டுவிட்டுப் போங்கள்' என்று சொல்வீர்களா அண்ணே? பத்துப் பக்கத்தை ஒழுங்காகப் படிக்க, குறிக்க, யோசிக்க, பேசுகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆகும். ஒரு சனிக்கிழமை மூன்று பேர் என்றால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அதற்கே போய்விடும். சும்மா வரச் சொன்னால் முதல் மாதம் உற்சாகமாக வருவார், மூன்றாவது மாதம் படிக்காமல் வருவார். படிக்காமல் வருகிற எழுத்தாளரைப்போல ஆபத்து வேறு கிடையாது. பொதுவாக நாலு அறிவுரை சொல்லிவிட்டு, மீதி நேரம் தன் கதையைப் பேசுவார்.


பழைய நல்நூலகர்

காசு விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது, சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம். அதற்குப் பின்னாலும் ரங்கநாதன்தான் இருந்தார். அந்தச் சட்டப்படிதான் உங்கள் சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது, இப்போது வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். ஆக நூலகம் யார் தயவிலும் நடப்பதில்லை, உங்கள் பணத்தில் நடக்கிறது. ஆனால் அந்தப் பணம் சம்பளம், புத்தகம், பத்திரிகை, கட்டடம் என்று போகும். எழுத்தாளருக்கு மதிப்பூதியம் கொடுக்கக் கிளை நூலகர் நினைத்தால் முடியாது.

நடைமுறையில் வழி வாசகர் வட்டம்தான். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். பேரைப் பலகையில் எழுதினதோடு அவர்களை நாம் மறந்துவிடுகிறோம். டாக்டர், வக்கீல், ரைஸ் மில்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று நாலு பேரிடம் போய், 'ஆண்டு விழாவுக்குச் சால்வை வாங்குகிற பணத்தை இதற்குக் கொடுங்கள்' என்று கேட்டால் கொடுப்பார்கள். சால்வைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.


நாச்சியார்கோயில் விளக்கு

டீச்சர் சொன்னதை யோசித்தேன். இருவர் மட்டும் என்றால் வேறு மாதிரி இருக்கலாம். ஆனாலும் ஒரு சந்தேகம். அவர் தன்னைப்போலவே எழுதச் சொன்னால்? இருண்மையாக எழுதுகிறவரிடம் நகைச்சுவைக் கதையைக் கொண்டு போனால் என்ன ஆகும்?

இன்னொன்று, கதையைக் கொடுத்துவிட்டு வந்தால் அதைத் தன் பெயரில் போட்டுக்கொள்ள மாட்டாரா?


தாளடி

முதல் சந்தேகம் நியாயமானது. அதற்காகவே ஒரே எழுத்தாளரை வருடக்கணக்கில் உட்கார வைக்கக்கூடாது, சில மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். போகிறவரும் அவருடைய ஒரு புத்தகத்தையாவது படித்துவிட்டுப் போக வேண்டும், அதே நூலகத்தில் இருக்கும். அப்போது அவர் சொல்வதில் எது பொதுவான விஷயம், எது அவருடைய ருசி என்று பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவதுக்கு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. எழுதியவர் காலம் முழுவதும், அதற்குப் பின் அறுபது ஆண்டும் அது இருக்கும். ஆனால் 'கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும் அப்பா' என்ற வெறும் கருவுக்கு உரிமை கிடையாது, எழுதப்பட்ட கதைக்குத்தான். தேதி போட்டு நூலகரிடம் கொடுக்கிறீர்கள், அவர் பேரேட்டில் குறிக்கிறார். வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. உண்மையைச் சொன்னால், நம் கதைகளைத் திருடுகிற அளவுக்கு அவை நன்றாக இருந்தால் நமக்குப் பெருமைதான்.


கடைமடை

என் மச்சினன் 'இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிடும், எதற்கு நூலகம்' என்கிறான். என்ன சொல்வது?


கொறடாச்சேரி பாசஞ்சர்

திருத்தும். குறுவை அறுப்பு எப்போது, சம்பா எப்போது என்று புத்தகத்தில் இருப்பதையும் சொல்லும். 2024-இல் மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறக்காமல் ஜூலைக் கடைசிக்குத் தள்ளினார்களே, அந்த இடைவெளியில் உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்று கேட்குமா? பாருங்கள், நானே எதிர்க்கட்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறேன். இன்னும் முழுதாக வரவில்லை.


வெட்டாறு

எல்லோருக்கும் நன்றி. பெயர் கொடுத்துவிட்டேன், கொள்முதல் நிலையக் கதையைத்தான் கொடுத்தேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.


வெட்டாறு (மூன்று வாரம் கழித்து)

போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் குறிப்புதவிப் புத்தகங்கள் இருக்கும் மூலையில் மேசை போட்டிருந்தார்கள். பேப்பர் படிக்கிறவர்களுக்கு நாங்கள் தெரிவோம், பேச்சு கேட்காது. எழுத்தாளர் அறுபது வயதுக்கு மேல் இருப்பார். என்னை 'வாங்க' என்றுதான் கூப்பிட்டார், கடைசி வரைக்கும் 'நீங்க'தான். என் தாள்களில் பென்சில் குறிகள் நிறைய இருந்தன. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் பாதிக்கு மேல் வெறும் கோடுதான், பிடித்த வரிகளுக்குக் கீழே போட்டிருந்தார்.

முதலில் அவர் கதையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. கொள்முதல் நிலையத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். டோக்கன் எப்படிக் கொடுப்பார்கள், தூற்றும் இயந்திரம் யார் பொறுப்பு, சிப்பம் நாற்பது கிலோவா, எடைபோடும்போது சாக்குக்கு எவ்வளவு கழிப்பார்கள், சுமை தூக்குபவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை யார் கையில் கொடுப்பது, ராத்திரி பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், அப்பாவோடு நானும் போய்ப் படுத்திருக்கிறேனே. சொல்லிக்கொண்டே வரும்போது, 'இதில் ஒன்றுகூடக் கதையில் இல்லையே' என்றார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன் என்றேன். 'எல்லோருக்கும் என்றால் யார்? கோயம்புத்தூரில் படிக்கிறவருக்குத் தெரியுமா?' என்றார்.

அப்புறம் நெல்லின் ஈரப்பதம். கதையில் கடைசிப் பக்கத்தில் கருவியை வைத்துப் பார்ப்பார்கள், பத்தொன்பது காட்டும், அப்பா ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார், முடிந்தது. பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள் என்பது கடைசிக்கு முந்தின பத்தியில்தான் வருகிறது. அவர் கேட்டது இதுதான்: 'பதினேழு என்ற எண்ணை வாசகர் முதல் பக்கத்திலேயே தெரிந்துகொண்டால் என்ன ஆகும்?' நான் உடனே பதில் சொல்லவில்லை, அவரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் எனக்கே புரிந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் நடுவில் வருகிற ஒவ்வொரு தூறலும், தார்ப்பாயில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும், விடிகாலைப் பனிகூட வாசகரைப் பயமுறுத்தும். இப்போது எழுதியிருப்பதில் மழை சும்மா பெய்கிறது.

எங்கள் பக்கம் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்கள் கொஞ்சம் அதிகாரமாகப் பேசுவார்கள், அப்படியே எழுதியிருந்தேன். அந்த உரையாடலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார், மெதுவாகத்தான். படிக்கும்போது நடுவில் நானே நிறுத்திவிட்டேன், எழுத்தர் சினிமா வில்லன் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். 'அவரும் பருவகாலத்துக்கு மட்டும் வேலைக்கு வந்தவர்தானே? அவருக்கு யாரிடம் பயம்?' என்று மட்டும் கேட்டார்.

ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. மகள் போனில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பகுதியை எடுத்துவிடலாம் என்றார், கதையை வேறு பக்கம் இழுக்கிறதாம். எனக்கு அந்தப் பகுதி வேண்டும். சொன்னேன். 'வேண்டும் என்றால் இருக்கட்டும், ஆனால் எதற்கு வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. புத்தகம் போடுவதைப் பற்றியும் பேசவில்லை, ஸ்கார்பரோ அண்ணன் எச்சரித்தது நினைவிருந்தது.


நாச்சியார்கோயில் விளக்கு

இதைப் படித்தபின் எனக்கு அந்தப் பயிலரங்குக்காரர் மேல் கோபம் கூடித்தான் போகிறது. என் முதல் பத்தியைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே.


தாளடி

பதினேழை முன்னால் கொண்டு வருவது பிரமாதமான யோசனை. ஆனால் போன் விஷயத்தில் நான் வெட்டாறு பக்கம். அப்பா ஒரு எண்ணுக்காகக் காத்திருக்கிறார், மகள் விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். கதைக்கு அது வெளியில் இல்லை. எழுத்தாளருக்கு அது தெரியவில்லை என்றால், எழுதிய விதத்தில் அது இன்னும் தெரிகிற மாதிரி வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காமல் திருத்திப் பாருங்கள்.


கொறடாச்சேரி பாசஞ்சர்

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் கேட்ட கேள்விகளை உங்கள் அப்பாவே கேட்டிருப்பாரே? அவரிடம் படித்துக் காட்டினீர்களா?


வெட்டாறு

இல்லை அண்ணே. அப்பாவிடம் காட்டினால் 'நம்ம வீட்டு விஷயத்தை ஊருக்கு ஏன் சொல்றே' என்பார். அது வேறு கதை. வெளியாள் ஒருவர் படித்ததில்தான் நிம்மதி இருந்தது.


கடைமடை

எங்கள் பக்கம் இதைக் கேட்டு வாங்க ஆசையாக இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து திருவாரூர் பக்கம் வந்து போவதென்றால் ஒரு நாள் போய்விடும். இங்கே உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அருமையாகக் கவிதை எழுதுகிறான், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவன் எப்படி வருவான்? வீடியோ அழைப்பில் செய்யலாமா?


ஸ்கார்பரோ கும்பகோணத்தான்

செய்யலாம், இங்கேயும் கோவிட் காலத்தில் அப்படித்தான் போயிற்று. ஆனால் தம்பி போனில் டேட்டா தீர்ந்துபோவதைவிட, மாதம் ஒருமுறை எழுத்தாளரே அங்கே வந்தால் நல்லது. உப்பளத்துக்காரருக்கு எந்த நேரம் ஒழியுமோ அந்த நேரத்தில் வரட்டும்.


பழைய நல்நூலகர்

கடைமடைத் தம்பி, இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். இல்லையென்றால் பத்துப் பேர் சேர்ந்து நூலகரிடம் சொல்லிக் கூட்டத்தைக் கூட்டுங்கள். தீர்மானம் போட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு மனு கொடுங்கள். மனுவில் 'இலக்கியம் வளர' என்றெல்லாம் எழுத வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணி, மேசை எங்கே போடுவது, பிரதிகளை யார் வாங்கி வைப்பது, மதிப்பூதியத்தை வாசகர் வட்டம் ஏற்கும், துறைக்குச் செலவில்லை, இவ்வளவு எழுதினால் போதும். செலவில்லை என்ற வரியை முதல் பத்தியிலேயே போடுங்கள். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை என்பதால் அந்தக் கிழமையைக் கேட்க வேண்டாம்.

எழுத்தாளரைப் பிடிப்பது அடுத்த வேலை. பெரிய பெயர் தேட வேண்டாம். தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் இரண்டுக்கும் நாகை மாவட்டத்தில் ஆள் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். பேச்சில் கெட்டிக்காரர் வேண்டாம், பொறுமையாகப் படிக்கிறவர் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.


கடைமடை

சரிங்க ஐயா. ஞாயிற்றுக்கிழமை காலை உப்பளத்தில் வேலை குறைவு. அந்த நேரத்தையே கேட்டு எழுதுகிறேன். மனுவின் நகலை இங்கே போடுகிறேன், வரிகளைப் பார்த்துச் சொல்லுங்கள். விளக்கு சார், நீங்களும் ஒரு கதையை எடுத்துக்கொண்டு வாருங்களேன். கும்பகோணத்திலிருந்து தூரம்தான், ஆனால் சாப்பாடு எங்கள் வீட்டில்.


நாச்சியார்கோயில் விளக்கு

மீன்குழம்பா?


கடைமடை

ஞாயிற்றுக்கிழமை வேறென்ன.